நூலகத்தையே பங்கு போட்டவர்கள்
பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸுக்கும் பிரெஞ்சு பேசும் வாலோனியாவுக்கும் இடையே உள்ள அரசியல் பிளவுக்குச் சமூக ஊடகங்களே வேர் என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஃபேஸ்புக் பிறப்பதற்கு 36 ஆண்டுகள் முன்பே, 1968-இல், ஃபிளாண்டர்ஸில் இருக்கும் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டும் என்று டச்சு மொழியினர் நடத்திய போராட்டத்தில் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. நூலகத்தைப் பிரித்தபோது அடுக்கு எண் ஒற்றைப்படையில் முடிந்த புத்தகங்கள் ஒரு தரப்புக்கு, இரட்டைப்படை மறுதரப்புக்கு. அண்டாவை அறுத்துப் பங்கு கேட்கும் அண்ணன் தம்பிகள் தோற்றார்கள்! கட்சிகளும் தப்பவில்லை: கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் 1968-இல், லிபரல்கள் 1972-இல், சோஷலிஸ்டுகள் 1978-இல் மொழிவாரியாகப் பிரிந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் பகுதியை விட்டால், ஃபிளாண்டர்ஸ் வாக்காளர் வாலோனியக் கட்சிக்கு வாக்களிக்கவே வழியில்லை. பிறகு எந்தத் தலைவர் மறுபக்கத்து மக்களின் மனத்தைப் பற்றிக் கவலைப்படுவார்? 2010 தேர்தலுக்குப் பின் 541 நாட்கள் முழு அரசாங்கம் அமையாமல் போனதில் வியப்பென்ன. இதை "வெறும் மொழிச் சண்டை" என்று பின்னூட்டத்தில் எழுதியிருக்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை: இது டச்சு மொழியினர் பட்ட அவமானத்தின் கணக்கும்கூட. நீதிமன்றத்திலும் ராணுவத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சுக்கே மதிப்பு. டச்சு பேசும் கெண்ட் நகரத்துப் பல்கலைக்கழகமே முழுதாக டச்சுக்கு மாறியது 1930-இல்தான்.