ஓஎச் இருந்தாலே காரமா?

ஒரு மூலக்கூறில் ஓஎச் (OH, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருந்தால் அது காரம் (அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்), அதனால் எத்தனாலும் (சாராயத்தில் இருக்கும் ஆல்கஹால்) காரம்தான் என்று ஒரு கருத்து வந்து, பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியல்ல. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தின் வாய்பாட்டிலும் எத்தனாலின் வாய்பாட்டிலும் ஓஎச் என்றே எழுதுவதால் குழப்பம் வருவது இயல்புதான்.

சோடியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ராக்சைடு அயனி (மின்னூட்டம் கொண்ட ஓஎச்) தனியே பிரிந்துவிடும். காரத்தன்மை அந்த அயனியால் வருவது. எத்தனாலில் ஓஎச் கார்பனோடு சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு) இறுகக் கட்டுண்டிருக்கிறது; தண்ணீரில் அயனியாகக் கழன்று வராது. ஃபீனால் என்ற சேர்மத்திலும் ஓஎச் உண்டு, ஆனால் அது நீல லிட்மஸ் தாளை (அமிலத்தைக் கண்டறியும் தாள்) சிவப்பாக்கும் வலுக்குறைந்த அமிலம்! ஆக, ஓஎச் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். காரம் பட்டால் மஞ்சள்தூள் சிவக்கும். சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் 8 ஓஎச் தொகுதிகள் இருக்கின்றன. தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். நிறம் மஞ்சளாகவே இருக்கும். அப்புறம் அதிலேயே துளி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்குங்கள், உடனே சிவந்துவிடும். சுண்ணாம்பில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதிலிருந்து ஹைட்ராக்சைடு அயனி வெளிவருகிறது.