அடுத்துப் பிரிக்கப் போகிறவருக்காக

வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது எனக்கு அந்தக் காணொளியை அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மரத்துண்டுகள், முனைகளில் விடுகதை போல வெட்டு. ஒரு கை தள்ளுகிறது, 'டொக்' என்று சேர்கிறது, சேர்ந்த இடத்தில் கோடுகூடத் தெரியவில்லை. கீழே "ஒரு ஆணிகூட இல்லாமல் 1300 வருடமாக நிற்கும் ஜப்பான் கோவில்!" என்று எழுதியிருக்கும். நான் ஓசாகாவில் இருப்பதால் அனுப்புகிறார்கள், அந்த அன்பு புரிகிறது. ஆனால் அந்த வரி தவறு. அந்தத் தச்சர்களுக்குச் சேர வேண்டிய உண்மையான பெருமையை அது மறைத்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். ரொம்ப நாளாக எழுத நினைத்தது, கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆணி. அந்த வரி சொல்லும் கோவில் ஹோர்யூஜி. நாராவுக்குப் பக்கத்தில் இகாருகாவில் இருக்கும் பௌத்தக் கோவில். 607இல் நிறுவப்பட்டது. 670இல் எரிந்துபோனது என்று அவர்களுடைய பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. இன்று நிற்கும் ஐந்தடுக்குக் கோபுரமும் பொன் மண்டபமும் அதன் பிறகு, 7ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவை. உலகில் நின்றுகொண்டிருக்கும் மரக் கட்டடங்களில் இவைதான் மிகப் பழையவை. அங்கே ஆணி உண்டு. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த நீளமான ஆணிகள். பல நூறு வருடம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தபோதும் அவை துருவேறி உதிராமல் இருந்தன. ஆணியே வேண்டாம் என்று அந்தத் தச்சர்கள் விரதம் இருக்கவில்லை. ஆணியும் மரத்தோடு சேர்ந்து அத்தனை காலம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இதைப் பற்றிப் பேசினால் நிஷியோகா சுனேகசுவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1908இல் பிறந்து 1995இல் மறைந்தவர். ஹோர்யூஜியின் பரம்பரைத் தச்சர். கோவில் வேலை மட்டுமே செய்யும் தச்சர்களை இங்கே 'மியாதாயிகு' என்கிறார்கள், அவர்களில் எல்லோரும் தலைவணங்கும் பெயர் அவருடையது. சிறுவனாக இருந்தபோது அவருடைய தாத்தா அவரை விவசாயப் பள்ளிக்கு அனுப்பினார். உளி பிடிக்கப் போகிற பையனுக்கு விவசாயம் எதற்கு? மரம் மண்ணில்தானே வளர்கிறது, மண்ணைத் தெரியாதவனுக்கு மரம் எப்படித் தெரியும் என்பது தாத்தாவின் கணக்கு.

அந்தக் குடும்பத்தில் வாய்மொழியாக வந்த சில விதிகள் உண்டு. கோவில் கட்ட மரம் வாங்காதே, மலையை வாங்கு. மரம் மலையில் எந்தத் திசை பார்த்து நின்றதோ, கட்டடத்திலும் அதே திசையில் நிறுத்து. அளவை வைத்து மரத்தைக் கோக்காதே, அதன் குணத்தை வைத்துக் கோர். முதல்முறை படித்தபோது கேட்க அழகாக இருக்கிறது என்று கடந்து போய்விட்டேன். பிறகு ஒரு குளிர்காலக் காலையில், தெற்குப் பக்கத் தூண்களில் கணுக்கள் நிறைய இருக்கும் என்று நிஷியோகா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு ஹோர்யூஜிக்குப் போனேன். வெயில் படும் பக்கத்தில்தானே கிளை அதிகம் விடும்? கிளை இருந்த இடம்தானே கணு? தெற்கே வளர்ந்த மரம் தெற்கே வந்து நிற்கிறது. இந்த ஞானம் இல்லாதவர் கணு இல்லாத வழவழப்பான தூண்களைப் பொறுக்கி, எல்லோரும் பார்க்கும் முகப்பில் நிறுத்தியிருப்பார். நான் அந்தத் தூண்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். காவலாளி வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

குணம் என்றால் முறுக்கு. ஹினோகி மரம் (தேவதாரு போல மணம் வீசும் ஊசியிலை மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வளரும்போது காற்றுக்கும் சரிவுக்கும் ஏற்ப வலப்பக்கமோ இடப்பக்கமோ முறுக்கிக்கொள்ளும். வெட்டிக் காய்ந்த பிறகும் அந்த முறுக்கு போகாது. வலமுறுக்கு மரத்தோடு இடமுறுக்கு மரத்தை இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரே பக்கம் முறுக்கும் மரங்களாகச் சேர்த்துவிட்டால் கட்டடமே மெல்லத் திரும்பிவிடும். அன்றைக்கு நீளவாக்கில் அறுக்கும் பெரிய ரம்பம் அவர்களிடம் இல்லை. ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். பிளந்தால் மரம் தன் நார் போகும் வழியில்தான் பிளக்கும், குறுக்கே வெட்டுப்படாது. ஒவ்வொரு தூணிலும் நார் முழுசாக ஓடுகிறது. ரம்பம் வந்த பிறகு எந்த மரத்தையும் நேராக அறுத்துவிடலாம் என்றாகிவிட்டது, மரத்தின் குணம் கண்ணிலிருந்து மறைந்தது. கருவி வளர்ந்ததும் கண் மங்கியது என்று நிஷியோகா வருத்தப்பட்டதில் எனக்கு முழு உடன்பாடு.

ஹோர்யூஜியின் பெரும் பழுதுபார்ப்பு 1934இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்தது. ஓடுகளையும் அடியில் இருந்த மண்ணையும் இறக்கியபோது, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கும் மேல் பாரம் சுமந்து வளைந்து கிடந்த கைமரங்கள் சில நாட்களில் மெல்ல மேலே நிமிர்ந்தன. இழைத்தபோது புது மரம் போல மணம் வந்தது. இரண்டையும் நிஷியோகாவே சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காணொளிகளில் 'டொக்' என்று சேர்வதை மட்டும் காட்டுகிறார்கள். இந்தத் தச்சின் உயிர் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. இவர்கள் பிரிப்பதற்காகக் கட்டுகிறார்கள். மரம் அழுகும், பூச்சி அரிக்கும், தூணின் அடிப்பக்கம் ஈரம் குடிக்கும். சில நூறு வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்தையே முழுசாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, கெட்ட பகுதியை மட்டும் மாற்றி, திரும்பக் கோக்க வேண்டும். நாராவில் இருக்கும் யாக்குஷிஜி என்ற இன்னொரு கோவிலின் கிழக்குக் கோபுரம் 730இல் கட்டியது. 2009இல் அதற்கான பெரிய பழுதுபார்ப்பைத் தொடங்கி, முழுசாகப் பிரித்துக் கோத்து 2020இல் முடித்தார்கள். பசை போட்டு ஒட்டியிருந்தாலோ காங்கிரீட்டில் புதைத்திருந்தாலோ இது நடக்குமா?

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பௌத்தக் கோவில் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத கோவில். போன வருடம் அதன் வாசல் தூண் ஒன்று அடியில் ஒன்றரை அடிக்கு உளுத்துப் போய்விட்டது. எழுபது வயதை நெருங்கும் ஒரு தச்சரும் ஒரு இளைஞனும் வந்தார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பேன், ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கேயே இருந்துவிட்டேன்.

கூரையை இறக்கவில்லை. முட்டுக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி, உளுத்த பகுதியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். பழைய தூணின் கீழ்முனையிலும் புதுக் கட்டையின் மேல்முனையிலும் ஒரே மாதிரி வெட்டு: பாதி கனத்துக்குப் படி, படியின் ஓரத்தில் நாக்கு, நாக்குக்கு ஏற்ற காடி. புதுக் கட்டையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து வைத்து, கொஞ்சம் மேலே தள்ளினார். நாக்குகள் காடிகளில் ஏறின. நடுவே சதுரமாக ஒரு சின்ன ஓட்டை மிஞ்சியது. அதில் கடின மரச் சாவி ஒன்றைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினார். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் 'தொப்' என்றிருந்தது, கடைசியில் கல்லில் தட்டுவது போல 'டங்' என்றது. அத்தோடு நிறுத்திவிட்டார். இந்த இணைப்புக்குப் பெயர் கனாவா-ட்சுகி. திரும்பப் பிரிக்க வேண்டுமானால் எப்படி என்று கேட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து சாவியைத் தட்டினால் போதும் என்றார். "நான் இருக்க மாட்டேன். வருகிறவர் பார்த்ததும் புரிந்துகொள்வார்."

ஓசாகாக் கோட்டை வாசலில் ஒரு தூண் இருக்கிறது. இதுபோல அடிப்பகுதி மாற்றிய தூண்தான். இரண்டு முகங்களில் புறாவின் வால் போல வெட்டு, மற்ற இரண்டு முகங்களில் மலை முகடு போல வெட்டு. மேலிருந்தும் போட முடியாது, பக்கத்திலிருந்தும் நுழைக்க முடியாது. எப்படிச் செய்தார்கள் என்று பல காலம் பிடிபடவில்லை. எக்ஸ்-ரே எடுத்த பிறகுதான் சாய்வாகச் சறுக்கி ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் அதை மாயவித்தை என்று படம் பிடிக்கிறார்கள். எனக்கு அது ஒரு ஒட்டு வேலை. உலகிலேயே அழகான ஒட்டு வேலைகளில் ஒன்று.

அந்தச் சனிக்கிழமை இன்னொன்றும் பார்த்தேன். இளைஞன் காலையிலிருந்து மதியம்வரை இழைப்புளியின் அலகைத் தீட்டிக்கொண்டே இருந்தான். சொரசொரப்பான கல், நடுத்தரக் கல், கடைசியில் மெருகுக் கல். நம் ஊரில் இழைப்புளியைத் தள்ளி இழைப்போம். இங்கே தன் பக்கம் இழுக்கிறார்கள். ரம்பமும் இழுக்கும்போதுதான் வெட்டும், இழுவையில் தகடு வளையாது என்பதால் மெல்லிய தகடே போதும். அலகைக் கட்டைக்குள் செருகி, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்வை, மறுபடி ஒரு தட்டு. பிறகு முழு உடம்போடு பின்னால் நடந்து இழுத்தான். கட்டையின் நீளத்துக்கு ஒரே சீவல் பட்டுத் துணி போல வந்தது. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் இருந்த ஒரு கீற்றைக் காட்டினார். அவன் ஒன்றும் பேசாமல் திரும்பக் கல்லுக்குப் போனான்.

நிஷியோகாவின் சீடர் ஒகவா மிட்சுவோவுக்கும் இப்படித்தான். பள்ளிச் சுற்றுலாவில் ஹோர்யூஜியைப் பார்த்து, இதைத்தான் செய்வேன் என்று முடிவு செய்தவர். சேர்ந்த முதல் வருடம் தீட்டு, தீட்டு, அவ்வளவுதான். ஆசான் ஒரே ஒரு சீவலை இழைத்துக் காட்டி இப்படி வர வேண்டும் என்றார், சீடர் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பழகினார். இன்று எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிசாக இழைக்க முடியும் என்று போட்டியே வைக்கிறார்கள். ஒற்றை இலக்க மைக்ரான் அளவுக்கு இறங்குகிறவர்கள் உண்டு. சீவல் எனக்குப் பெரிதில்லை, அது கழிந்த பிறகு மிஞ்சும் முகம்தான் முக்கியம். கூர் அலகு வெட்டிய முகத்தில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. உப்புத்தாள் தேய்த்த முகம் அதே தண்ணீரைக் குடித்துவிடுகிறது. மழை நாட்டில் இந்த வித்தியாசம் கட்டடத்தின் ஆயுள்.

இதையெல்லாம் சொன்னதும் "அது ஜப்பான்காரன் ரத்தத்தில் இருக்கிறது" என்பார்கள் சிலர். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. 1949 ஜனவரியில் ஹோர்யூஜி பொன் மண்டபத்தில் தீப்பிடித்து, விலைமதிப்பில்லாத சுவரோவியங்கள் கருகிப்போயின. பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோதே நடந்த விபத்து. அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த வருடமே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பணம் ஒதுக்கினார்கள், பழுது பார்ப்பவர்களுக்கு இடைவிடாமல் வேலை கொடுத்தார்கள். ஈசே ஆலயத்தை 690இலிருந்து 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டி வருகிறார்கள். போர்க்காலத்தில் நின்றுபோனாலும் திரும்பத் தொடங்கினார்கள். 2013இல் 62ஆவது முறை, அடுத்தது 2033. அதற்கு வேண்டிய ஹினோகியை ஆலயத்தின் சொந்தக் காட்டிலேயே வளர்க்க, இருநூறு வருடக் கணக்கில் நூறு வருடத்துக்கு முன்பே நட ஆரம்பித்துவிட்டார்கள். இது ரத்தத்தில் வரும் சமாச்சாரம் இல்லை. தலைமுறை தலைமுறையாக யாரோ கூலி கொடுத்துக் காப்பாற்றிய தொழில்.

காப்பாற்றியும் போதவில்லை. நாராவின் தோதாய்ஜி கோவிலில் பெரிய புத்தர் மண்டபத்தை 1709இல் திரும்பக் கட்டியபோதே பெரிய மரம் கிடைக்காமல், சிறு மரங்களைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டுத் தூண் செய்தார்கள். யாக்குஷிஜியில் நிஷியோகா பொன் மண்டபத்தையும் மேற்குக் கோபுரத்தையும் எழுப்பியபோது தைவானிலிருந்து மரம் வந்தது. மரத்தைப் போலவே ஆளும் குறைகிறார்கள். 1980இல் இந்த நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் தச்சர்கள் இருந்தார்கள். 2020இல் மூன்று லட்சத்துக்கும் குறைவு. வீடுகளுக்கான மர இணைப்புகளைப் பெரும்பாலும் தொழிற்சாலை இயந்திரம் வெட்டி அனுப்பிவிடுகிறது. அதே 2020இல் மரக் கட்டடங்களைப் பேணும் கைத்திறன்கள் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறின. சந்தோஷம்தான். ஆனால் அந்த எழுபது வயதுக்காரரிடம் எத்தனை பேர் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டபோது, தீட்டிக்கொண்டிருந்த பையனைக் கை காட்டினார். ஒருவன்.

ஹோர்யூஜிக் கோபுரத்தைப் பிரித்தபோது, முதல் தள உட்கூரைச் சட்டத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு பழங்கவிதையின் தொடக்கம் மையால் எழுதியிருந்தது கிடைத்தது. வேலை செய்த யாரோ ஒருவரின் கிறுக்கல். பெயர் இல்லை.

அன்று அந்தக் கோவில் வாசலிலும், இணைப்பை மூடுவதற்கு முன்னால் பெரியவர் தூரிகையை மையில் தோய்த்தார். புதுக் கட்டையின் உள்முகத்தில் வருடம், மாதம், தன் பெயர் எழுதினார். பிறகு தூரிகையை இளைஞனிடம் நீட்டினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி தன் பெயரை அடியில் எழுதினான். மை காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் கட்டையைத் தூணோடு சேர்த்தார்கள்.