மருந்துச் சீட்டில் நாயையும் எழுதட்டும்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குப் பழக்கிய நாயைத் துணைக்குக் கொடுக்கிறார்கள் என்றால், "சரி, மனசுக்கு ஒரு ஆறுதல்" என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. அந்த நாய்கள் ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கின்றன, அந்த உழைப்புக்கு அரசாங்கம் செலவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

போர் போன்ற பயங்கரத்தைச் சந்தித்தவர்களுக்கு அதன்பின் வரும் மனநோயான பி.டி.எஸ்.டி. இருப்பவருக்குத் தூக்கமே பெரிய பயம். கண்ணை மூடினால் பழைய இடம், பழைய சத்தம். பாதித் தூக்கத்தில் தெரியாமல் அடித்துவிடுவோமோ என்று பயந்து மனைவியை விட்டு வேறு அறையில் படுப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களோடு இருக்கும் நாய், கை கால் உதறுவதையும் மூச்சு மாறுவதையும் வைத்தே கனவு வந்துவிட்டது என்று கண்டுகொள்ளும். உடனே மூக்கால் இடிக்கும், முகத்தை நக்கும், போர்வையைப் பிடித்து இழுக்கும். அவர் எழுந்து விளக்கைப் போட்டு, தான் இருப்பது தன் வீட்டில்தான் என்று உணரும்வரை விடாது.

வெளியே போனால் வேறு விதமான வேலை. கடையில் பணம் கட்ட வரிசையில் நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்ற பதற்றத்தில் வாங்கியதை அப்படியே போட்டுவிட்டு வெளியேறத் தோன்றும். "கவர்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாய் திரும்பி அவருக்குப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். பின்னால் யாராவது வந்தால் அதன் வாலும் உடம்பும் காட்டிக்கொடுத்துவிடும், அவர் நிம்மதியாகப் பர்ஸை எடுக்கலாம்.

ஃபுளோரிடாவில் 2011-இல் 'கே9ஸ் ஃபார் வாரியர்ஸ்' அமைப்பைத் தொடங்கிய ஷாரி டுவால், ஈராக்கிலிருந்து இந்த நோயோடு திரும்பிய மகனுக்கு நாய் உதவியதைக் கண்ணால் பார்த்த அம்மா. அவர்கள் பழக்கும் நாய்களில் பெரும்பாலானவை காப்பகங்களிலிருந்து எடுத்து வந்தவை, யாருக்கும் வேண்டாம் என்று விடப்பட்டவை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததே இதுதான்.

ஆனால் அரசாங்கம்? பார்வை, செவித்திறன், நடமாட்டம் சம்பந்தப்பட்ட குறைபாட்டுக்கு நாய் வைத்திருந்தால் கால்நடை மருத்துவச் செலவை ஏற்ற முன்னாள் வீரர் நலத்துறை, மனநோய்க்கு என்றதும் ஆதாரம் போதாது என்று கைவிரித்தது. ஆதாரம் தேட 2011-இல் தொடங்கிய ஆய்வு நடுவில் நின்று, மறுபடி தொடங்கி, முடிவு வெளிவர 2021 ஆனது. இதற்கிடையில் எத்தனை குடும்பங்கள் எத்தனை ராத்திரி விழித்திருந்தன!

அந்த ஆய்வு சொன்னதும் முக்கியம். வேலைக்குப் பழக்கிய நாய் ஒரு சாராருக்கு, சும்மா துணைக்கு இருக்கும் நாய் இன்னொரு சாராருக்கு. அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பழக்கிய நாய் கிடைத்தவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன. அப்புறம் 2024-இல் 156 பேரை வைத்து வந்த அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆய்வில், நாய் கிடைத்து மூன்று மாதம் ஆனவர்களுக்கு, இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட, பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர் முடிவு செய்யும் வாய்ப்பு 66 சதவீதம் குறைவாக இருந்தது. யாருக்கு நாய், யாருக்குக் காத்திருப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லைதான், அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதற்குப் பிறகும் தயங்குவதில் என்ன நியாயம்?

2021 ஆகஸ்டில் 'பாஸ்' (PAWS) என்ற அமெரிக்கச் சட்டம் வந்தது. அதன்படி ஐந்து ஊர்களில் முன்னாள் வீரர்களே நாய்க்குட்டிகளைப் பழக்குவதைச் சிகிச்சையாக வைத்து, ஐந்தாண்டு சோதனைத் திட்டம். நல்ல தொடக்கம்தான். ஆனால் தூக்கம் தொலைத்தவருக்கு இன்றைக்கே நாய் வேண்டும், ஒன்றைப் பழக்கப் பல்லாயிரம் டாலர் ஆகிறது, அதை நன்கொடையை நம்பியே ஓட்டுவது சரியில்லை.

நாய் வந்துவிட்டது என்று மாத்திரையையும் மனநல ஆலோசனையையும் நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டைதான். நாய் நோயைத் தீர்க்காது. வீட்டைவிட்டு இறங்கப் பயந்தவரை ஆலோசகரின் அறை வரைக்கும் கூட்டிப்போகும், அதுவே பெரிய காரியம். இன்னொன்றையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும். இந்த நாய்களும் கிழடாகும், எட்டுப் பத்து வருஷத்தில் ஓய்வு கொடுத்தாக வேண்டும். முதல் நாய்க்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, அது போன பிறகு அவர் மறுபடி காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் போய் நிற்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.