தோற்ற ஆலைக்கு வரலாற்றில் இடமில்லையா?

நம் ஆற்றங்கரை ஊர்களுக்கு உழவையும் நெசவையும் தவிர வேறு தொழில் தெரியாது என்றும், இந்த நாட்டில் இரும்பாலை என்பதே 1907இல் ஜாம்ஷெட்பூரில்தான் தொடங்கியது என்றும் ஒரு பேச்சாளர் மேடையில் முழங்கியதையும், அரங்கம் கைதட்டியதையும் நீங்கள் அனைவரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டிலேயே இரும்பாலை எழுந்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அதைத் தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாதுவை மரக்கரி உலையில் உருக்கி வார்த்த இரும்பு, கப்பலேறி இங்கிலாந்தின் எஃகு நகரான ஷெஃபீல்டு வரை சென்றது.

பள்ளி நாளில் இதை விடைத்தாளில் எழுதினேன். பாடத்தில் இல்லாததை எழுதாதே என்று சிவப்பு மையால் அடித்துத் தந்தார் ஆசிரியர். காணொளியைப் பார்த்தபோது அந்தச் சிவப்புக் கோடுதான் நினைவில் எழுந்தது.

நட்டப்பட்டு மூடிய ஆலையைப் பற்றி என்ன பெருமை என்று கேட்பீர்கள். அரசிடம் கடன் பெற்றும் ஹீத்தின் நிறுவனம் தேறவில்லை. 1853இல் பொறுப்பேற்ற கிழக்கிந்திய இரும்பு நிறுவனமும் நிலைக்கவில்லை. உலை எரிய எரியக் காடு அழிந்தது, கரிக்காகப் போகவேண்டிய தொலைவு நீண்டது, அதே காலத்தில் இங்கிலாந்து நிலக்கரியைக் கல்கரியாக்கி மலிவாக இரும்பை உருக்கியது. ஒரு தொழில் ஏன் வீழ்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறு எங்கே கிடைக்கும்? தோற்றது என்பதற்காக அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது.

நம் தரப்பில் பேசுவோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டை இரும்பில்தான் பிரிட்டனின் மெனாய் தொங்குபாலம் கட்டப்பட்டது என்று பகிராதீர்கள். அந்தப் பாலம் 1826லேயே திறக்கப்பட்டுவிட்டது. உண்மையே போதுமான வலுவோடு இருக்கும்போது மிகை எதற்கு?

அது வெள்ளைக்காரனின் ஆலைதானே என்ற எதிர்ப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது. முதலீடு அவனுடையது, இலாபக் கனவும் அவனுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாதுவைத் தோண்டியவர்கள், மரத்தை வெட்டிக் கரி சுட்டவர்கள், சுமை இழுத்தவர்கள், உலை வாயில் வெந்தவர்கள் யார்? நொய்யல் கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பை உருக்கிய மண்ணின் மக்கள் அல்லவா? முதலாளியின் நிறத்தைச் சொல்லி ஆலையை ஒதுக்கும்போது, இவர்களின் உழைப்பையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.

பரங்கிப்பேட்டை என்றதும் 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய போரைச் சொல்லத் தெரிகிறது. ஒரு நாள் நடந்த அந்தச் சண்டைக்கு இடம் தருகிற பாடநூல், பல்லாண்டு எரிந்த அந்த உலைக்கும் ஒரு பத்தி தரவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.