வீட்டு உறுதியை ஈடு வைத்துப் பட்டம் படிக்க வேண்டுமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வெளியான பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: இடம் கிடைக்காத பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் நிறுவனத்தில் படிக்க வைப்பதா? பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. நம் இரு மாவட்டங்களும் கல்வியில் பின்தங்கியவை என்ற பட்டியலில் இருப்பதால் அப்படியான மாவட்டங்களுக்கென உள்ள 5 வீத ஒதுக்கீட்டிலும் நமக்குப் பங்குண்டு. ஆனாலும் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி சற்றுக் குறைந்து வெளியே நிற்கும் பிள்ளைகளே அதிகம். அவர்களுடைய பெற்றோரின் கைபேசிக்கு கொழும்புக்கு அருகே மாலபே, ஹோமாகமப் பக்கத்துத் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள் அதே வாரத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

எங்கள் குடும்பத்திலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. என் அக்காவின் மூத்த மகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று ஆசை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசாங்கம் தரும் வட்டியில்லாக் கடனை அவள் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அந்தக் கடன் போதாமல் துண்டு விழும் தொகைக்காக வீட்டு உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைப்பதை நான் எதிர்க்கிறேன்.

2017இல் தொடங்கிய அந்த வட்டியில்லாக் கடன், உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத மாணவர்கள் அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிப்பதற்கானது. வட்டியை அரசாங்கம் கட்டுகிறது. படிப்பு முடிந்து சலுகைக் காலமும் கடந்த பிறகே தவணை ஆரம்பமாகிறது. தொடக்கத்தில் நான்காண்டுப் பட்டத்தின் கல்விக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபாய் உச்ச வரம்பாக இருந்தது. அந்தத் தொகையை ஏழு ஆண்டுகளில் திருப்பிக் கட்டுவதாகக் கணக்குப் பார்த்தால் மாதம் 9,500 ரூபாய் அளவில் வரும். வேலை கிடைத்த ஒரு பிள்ளை தானே சுமக்கக்கூடிய தொகைதான் அது.

சிக்கல் அதற்கு மேலே இருக்கிறது. முழுக் கட்டணம் 20 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், மீதி 12 இலட்சத்தை 14 வீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக எடுக்கும் தகப்பன் மாதம் ஏறத்தாழ 28,000 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் நாலே முக்கால் இலட்சத்தைத் தொடும். இந்தத் தவணைக்கு, பிள்ளை படித்து முடிக்கும்வரை பொறுக்கும் வழக்கமெல்லாம் இல்லை; அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும். கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி, உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ வந்து போகும் செலவு ஆகியவற்றை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வெள்ளாமையை நம்பிய குடும்பத்துக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டுக்கு இரண்டு தடவைதான் மொத்தமாகக் காசு வருகிறது. அதிலும் உரக்கடையும் உழவு இயந்திரக்காரரும் முதலில் நிற்பார்கள். மாதத் தவணைக்கு இடையில் என்ன செய்வார்கள்? நகை அடகுக்குப் போகும், பிறகு நுண்கடன் வீட்டுப் படியேறும். அந்தக் கதை எப்படிப் போகும் என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டு உறுதி என்று வரும்போது கிழக்கின் கணக்கே வேறு. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்வழியில் போகிறது. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவதை எத்தனையோ குடும்பங்களில் பார்க்கிறோம். ஆகவே மூத்தவளின் படிப்புக்காக ஈடு போகும் உறுதி தகப்பனுடைய சொத்து மட்டுமல்ல, அது இளையவளின் வீடும்கூட. கடன் வாங்கும் பேச்சில் அந்த இளையவளை யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை.

அக்கா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். படிப்புத்தான் இனிச் சீதனம், கல்லும் சீமெந்தும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெண்பிள்ளையின் படிப்புக்குச் செலவழிக்கத் தயங்கி வீட்டுக்கு மட்டும் கொட்டிய காலம் போகட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. பட்டத்தையும் கேட்கிறார்கள், வீட்டையும் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே நடத்தும் சில நிறுவனங்கள் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பிரித்தானியப் பவுணில் கேட்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360ஐத் தாண்டியபோது பவுணும் சேர்ந்து ஏறியது; பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் வீட்டில் எல்லாக் கணக்கும் குழம்பிப் போனது. கட்டணம் எந்த நாணயத்தில் என்பதையும், உள்நாட்டுப் பட்டமானால் அந்த நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் பட்டம் வழங்கும் அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் பெறாமல் முதல் தவணையைக் கட்டக்கூடாது.

மருமகளிடம் நான் சொன்ன வழி வேறு. மட்டக்களப்பிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. சம்மாந்துறையிலும் அம்பாறையிலும் உண்டு. உயர் தேசிய டிப்ளோமாவை வீட்டிலிருந்து போய் வந்து படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது. இவற்றுக்கு விளம்பரமும் இல்லை, பட்டமளிப்புப் படத்தில் அத்தனை பகட்டும் இல்லை. அரச பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கும் செலவு இல்லாமல் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது: அவர்களுக்கான மாதாந்த மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது, அது ஒரு மாதச் சாப்பாட்டுக்கே போதாது.

மருமகள் இன்னும் முடிவெடுக்கவில்லை, முடிவு அவளுடையது. வங்கி பிணையாளி கேட்டால் மாமாவான என்னிடம்தான் வருவார்கள். கட்டண விபரத்தை எழுத்தில் காட்டினால் வட்டியில்லாக் கடனுக்குக் கையெழுத்து வைக்கிறேன், உறுதியை ஈடு வைத்து எடுக்கும் கடனுக்கு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மச்சானுக்கு இதில் மனத்தாங்கல்தான். பதினைந்து வயது இளையவள் மட்டும் அந்தக் கடனுக்கு மாதம் எவ்வளவு வரும் என்று என்னிடம் கேட்டாள்.