கண்டி மக்களின் காணியைப் பிடித்தது யார்?

“இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் கண்டி விவசாயிகளின் காணியைப் பிடித்துக்கொண்டார்கள்” என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். காணி பறிபோனது உண்மைதான். ஆனால் பறித்தவர்கள் அவர்கள் இல்லை.

இலங்கையில் பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு ஆதாரம் காட்டாத வரை, முடிக்குரியது, அதாவது அரசாங்கத்துக்குச் சொந்தம், என்றது அது. கண்டிப் பகுதிச் சேனை (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும்) நிலத்துக்கு சன்னஸ் (மன்னர் கொடுத்த காணிப் பத்திரம்) அல்லது வரி கட்டிய சான்று கேட்டார்கள். விட்டுவிட்டுப் பயிர் செய்யும் சேனைக்கு எந்தக் கிராமத்தான் பத்திரம் வைத்திருப்பான்? அப்படி முடிக்குரியதான காணி 1844 வரை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விலைபோனது. வாங்கியவர்களில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகளும் சிவில் அதிகாரிகளும் நிறையப் பேர். காணியை விற்ற அரசாங்கத்தில் இருந்தவர்களே வாங்கவும் செய்தார்கள்! ஆளுநராக இருந்த ஜெனரல் எட்வர்ட் பார்ன்ஸே கன்னொருவையில் கோப்பித் தோட்டம் போட்டவர். கடைசியில் லண்டனே தலையிட்டு, அரச ஊழியர் தோட்டம் நடத்துவதைத் தடுக்க வேண்டிவந்தது.

அப்புறம், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த எங்கள் மூதாதையரான அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது? லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948இல் குடியுரிமையும் போனது. இன்றும் லயத்தில் இருக்கும் பெரும்பாலானோர் கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. சில பேர்ச்சஸ் (சிறு நில அளவு) நிலத்துக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் காணி பிடித்தவர்கள் என்று எழுதியதை, சகோதரர், தயவுசெய்து திருத்துங்கள்.