செயலிக்கு முன்னால் அந்த அறுபது பேர்

மயிரிழை அளவு பாதைகளில் ரத்தம் போன்ற திரவங்களை ஓட்டிப் பரிசோதிக்கும் மைக்ரோஃப்ளூயிடிக்ஸில் இப்போது எங்கும் ஏஐ பேச்சுதான். 2018இல் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்காரர்கள், அப்படிப் பாதைகள் பொறித்த சிப்பில் ஓடும் ஒவ்வொரு உயிரணுவையும் படமெடுத்து, பார்த்த மாத்திரத்தில் தரம்பிரிக்கும் கருவியைக் காட்டினார்கள். பிரமாதமான வேலை. ஆனால் சிப் சின்னது. சுற்றியிருக்கும் லேசரும் கேமராவும் கணினிகளும் அதைவிட எத்தனையோ மடங்கு பெரிசு.

என் மனம் போவது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலுக்கு. அங்கே எச்ஐவி பரிசோதனைக்கு, கோவிட் காலத்தில் நாம் பார்த்த மாதிரியான பட்டைதான். காகிதமே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும், பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சிக்கல் கோடு மங்கலாக விழும்போதுதான். அங்குள்ள ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் களப்பணியாளர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் கிராமங்களில் எடுத்த 11,000க்கும் அதிகமான படங்களைக் கொண்டு, லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பட்டையின் படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் ஒரு மொபைல் செயலியைப் பழக்கினார்கள். 2021இல் முடிவு வெளியானது. சிறிய களச் சோதனைதான். எச்ஐவி இல்லை என்று காட்ட வேண்டிய பட்டைகளில் செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் கண்ணால் பார்த்துச் சரியாகச் சொன்னது 89 சதவீதம், செயலி 100. அந்த 11 சதவீதத்தை எண்ணாகப் பார்க்க என்னால் முடியவில்லை. தொற்றே இல்லாத ஒருவருக்கு ‘உனக்கு எச்ஐவி’ என்று சொல்லிவிட்டால், மறுபரிசோதனை வரும்வரை அந்த வீட்டில் யார் தூங்குவார்கள்?

ஏஐ முதலில் போகவேண்டிய இடம் இதுதான் என்பேன். சிப்பை இன்னும் சிக்கலாக்க அல்ல, மலிவான பட்டையைச் சரியாகப் படிக்க. இன்னும் மலிவாக்கவும் அது உதவும். கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு 2020இல், உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய்க்குச் செய்த காகிதப் பரிசோதனையில், காகிதத்தில் உள்ள சோதனைப் புள்ளிகளில் எவை தேவையே இல்லை என்று கழித்துக்கட்டியதும் ஏஐயின் ஒரு வகையான இயந்திரக் கற்றல்தான்.

அதே சமயம் தெரானோஸ் என்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனத்தை மறக்கக்கூடாது. விரல்நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனை என்றார்கள். கருவியைத் திறந்து காட்டவே இல்லை. நிறுவனரான எலிசபெத் ஹோம்ஸுக்கு மோசடி வழக்கில் 2022இல் பதினோரு ஆண்டுக்கு மேல் சிறை. இனி ‘எங்கள் அல்காரிதம் ரகசியம்’ என்பது ஒளிந்துகொள்ள இன்னும் வசதியான இடம். அதனால் இப்படி எந்தக் கருவியையும் அரசு வாங்கும் முன் சில கேள்விகள் கேட்டே ஆகவேண்டும்: யாருடைய ரத்தத்தில் பழக்கினீர்கள்? எந்த வெளிச்சத்தில் எடுத்த படங்கள்? எந்த ஊர்ச் செவிலியர் கையில் கொடுத்துப் பார்த்தீர்கள்?